தங்க ஆலை மெயின்டனன்ஸ் வேலைக்கு மகளை அனுப்பலாமா? ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கும் உங்கள் மகள், கர்நாடகத்தின் ஹட்டி தங்கச் சுரங்கத்தில் பயிற்சி முடித்து வந்ததிலிருந்து தங்க ஆலை வேலைக்குத்தான் போவேன் என்று பிடிவாதமாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அப்பா கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 2001 பிப்ரவரி 28-ம் தேதி அந்தச் சுரங்கங்கள் மூடப்பட்டபோது குடும்பங்கள் பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்தவர் நீங்கள். பயம் வரத்தான் செய்யும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கோலார் மூடப்பட்டதற்குக் காரணம், கிடைக்கும் பாறையில் தங்கம் குறைந்துபோனதும், மூன்று கிலோமீட்டர் ஆழத்திலிருந்து அதை எடுக்கும் செலவு வரவைத் தாண்டியதும்தான். உங்கள் மகள் கற்க ஆசைப்படுவது வேறு. தரைக்கு மேலே இருக்கும் ஆலை அடிக்கடி நிற்காமலும், பாறையில் உள்ள தங்கத்தைக் கோட்டை விடாமலும் ஓடப் பார்த்துக்கொள்ளும் வேலை அது. சுரங்கம் ஒருநாள் தீர்ந்துபோகும். அந்தத் தொழில் தெரிந்தவளுக்கு வேறு ஆலை இருக்கிறது.

இதன் மதிப்பு தெரிய ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நாளைக்கு 2,000 டன் பாறையை அரைக்கும் ஆலை, டன்னுக்கு 3 கிராம் தங்கம், அதில் 90 சதவீதம் கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்குச் சுமார் 225 கிராம் வரும், அதாவது 28 சவரன். பாறையை இரும்புக் குண்டுகளால் அரைக்கும் ‘பால் மில்’ (ball mill) இயந்திரத்தில் ஒரு பேரிங் போய் எட்டு மணி நேரம் நின்றால் அன்றைக்கு 225 சவரன் வராது. பாறை எங்கும் ஓடிவிடாது, நாளைக்கு அரைக்கலாம் என்பார்கள். நாளைக்கு அரைக்க நாளைய பாறையே காத்திருக்குமே! ஆனால் அந்த பேரிங் திடீரென்று போவதில்லை. பெரும்பாலும் பல வாரம் முன்பே அதன் அதிர்வில் மாற்றம் தெரிய ஆரம்பிக்கும், எண்ணெயில் இரும்புத் துகள் கலக்கும். அதை முன்கூட்டியே படித்து, வசதியான நாளில் மில்லை நிறுத்தி மாற்றுவதுதான் இவள் கற்கப்போகும் வேலையில் பாதி.

மீதிப் பாதி இன்னும் நுணுக்கமானது. அரைத்த பாறைக் குழம்பில் சோடியம் சயனைடைச் சேர்த்துத் தங்கத்தைக் கரைப்பார்கள். கரைந்த தங்கத்தைத் தொட்டிகளில் இருக்கும் கார்பன் துகள்கள் பிடித்துக்கொள்ளும். தொட்டிக்குத் தொட்டி சல்லடை உண்டு. குழம்பு தாண்டிப் போகும், கார்பன் போகாது. மில் நின்றால் சத்தம் அடங்கி ஆலை முழுக்கத் தெரிந்துவிடும். சல்லடை கிழிந்தால் ஆலையில் எதுவும் நிற்காது, அதனால் யாருக்கும் தெரியாது. கடைசித் தொட்டிக்கு அப்பால் காவலுக்கு ஒரு சல்லடை வைப்பார்கள். ஆனால் பொருத்தமில்லாத பம்ப்பில் அடிபட்டுப் பொடியான கார்பன் அதையும் தாண்டி, ஏறிய தங்கத்தோடு கழிவுக்குப் போய்விடும். அது திரும்ப வராத நஷ்டம். ஷிப்ட் அறிக்கையில் ‘பிரேக்டவுன் இல்லை’ என்றுதான் எழுதியிருப்பார்கள். அதனால் மெக்கானிக்கல் படித்தவள்தானே என்று பேரிங்கோடு நின்றுவிடாமல், தங்கத்தைப் பிரிக்கும் வேலையைக் கவனிக்கும் மெட்டலர்ஜிக்காரர்களோடு உட்கார்ந்து கழிவு மாதிரியின் ஆய்வு முடிவையும் தினமும் பார்க்கச் சொல்லுங்கள். இந்த இரண்டும் தெரிந்த ஆட்கள் குறைவு. அவளுக்கு உண்மையான வாய்ப்பு அங்கேதான் என்று நான் நினைக்கிறேன்.

சயனைடு என்ற பேரைக் கேட்டே உங்களுக்குத் தூக்கம் போயிருக்கும். அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. கரைசலின் பிஎச், அதாவது காரத்தன்மையைக் காட்டும் அளவு, பத்துக்கு மேல், வழக்கமாக 10.5 அளவில், நிற்க வேண்டும். சுண்ணாம்புக் கரைசல் விடும் சின்ன பம்ப் நின்று பிஎச் இறங்கினால் ஹைட்ரஜன் சயனைடு என்ற விஷவாயு கிளம்பும். ஆகவே நல்ல ஆலையில் அந்தச் சின்ன பம்ப்புக்கு மாற்று பம்ப், அலாரம், வாயு காட்டும் கருவி எல்லாம் இருக்கும். கோடிக்கணக்கில் விலை போகும் மில்லைப் போலவே அதையும் மதிப்பார்கள். இவை இல்லாத இடம் என்றால், சம்பளம் எவ்வளவு கொடுத்தாலும் வேண்டாம்.

சரி, எங்கே ஆரம்பிப்பது? நம் நாட்டில் தங்க ஆலைகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். கர்நாடக அரசின் ஹட்டி நிறுவனத்தில் ஆள் எடுக்கும்போது விண்ணப்பிக்கட்டும். ஆனால் அதற்காகக் காத்திருந்து வருஷத்தை வீணாக்க வேண்டாம். அரியலூர், டால்மியாபுரம் பக்கத்து சிமென்ட் ஆலைகளிலும் கிரஷர், கன்வேயர், பெரிய அரவை மில் எல்லாம் உண்டு. ராஜஸ்தானின் துத்தநாக ஆலைகளில் ஈரக் குழம்பு பம்ப்புகளும் பழகிவிடும். இரண்டு மூன்று வருஷம் அப்படி ஒரு இடத்தில் மெயின்டனன்ஸ் பிரிவில் கை அழுக்காக வேலை பார்ப்பது, வேலை அனுபவம் இல்லாமல் கடன் வாங்கி ஆஸ்திரேலியாவில் எம்.எஸ். படிப்பதைவிட மேல் என்பேன். கூடவே ஐஎஸ்ஓ 18436-2 என்ற சர்வதேசத் தர முறைப்படி அதிர்வு ஆய்வுச் சான்றிதழ் வாங்கலாம். முதல் நிலைக்கு ஆறு மாத அனுபவம், இரண்டாம் நிலைக்குப் பதினெட்டு மாதம் வேண்டும். தங்கம் பிரிக்கும் பக்கமே பிடித்துப்போனால் தன்பாத் ஐஐடியில் கனிமப் பொறியியலில் எம்.டெக். இருக்கிறது.

அப்புறம்தான் வெளிநாடு. மேற்கு ஆஸ்திரேலியாவின் கல்கூர்லி, கானாவின் தார்க்வா போன்ற ஊர்களுக்குத் தங்கம்தான் பிழைப்பு. ஆஸ்திரேலியாவில் பல சுரங்கங்களுக்கு விமானத்தில் போய், வாரக்கணக்கில் முகாமில் தங்கி வேலை செய்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும். கல்யாணம், குழந்தை என்று வரும்போது அது பாரம்தான்; இப்போதே அவளோடு பேசிவிடுங்கள். ஏஜென்ட் யாராவது ஆப்பிரிக்க வேலைக்குப் பணம் கேட்டால், வெளியுறவுத் துறையின் இ-மைக்ரேட் தளத்தில் அவர் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

எந்த ஆலைக்கு இன்டர்வியூ போனாலும், அவர்கள் கேட்டு முடித்த பிறகு இவள் இரண்டு கேள்வி கேட்கட்டும். போன வருஷம் ஆலை திட்டமிட்டு நின்றது எத்தனை மணி நேரம், திட்டமிடாமல் நின்றது எத்தனை மணி நேரம்? நின்றதற்கான காரணத்தை யார் எழுதி வைக்கிறார்கள்? இரண்டுக்கும் பதில் தயாராக வைத்திருக்கும் ஆலையில், சம்பளம் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் சேரச் சொல்லுங்கள்.