குடும்ப வன்முறைப் புகார்: ஊரிலும் நகரத்திலும் எங்கே போவது? – கேள்வி பதில்

பெண்களுக்கான வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் என்ற முறையில், வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கேள்வி: அக்கா, எங்க கிராமத்துல இருந்து மகளிர் ஸ்டேஷனுக்கு ரெண்டு பஸ் மாறணும். அங்க போனாலும் "முதல்ல ஊர்ப் பெரியவங்ககிட்ட பேசும்மா"ன்னு திருப்பி அனுப்புறாங்க.

பதில்: பஞ்சாயத்து பேசிவிட்டு வந்தால்தான் புகாரை வாங்குவோம் என்று சொல்ல அவர்களுக்கு அதிகாரம் இல்லைம்மா. மனுவைக் கொடுத்து, புகார் வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள். ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள்.

ஸ்டேஷன் மட்டுமே வழியும் இல்லை. குடும்ப வன்முறைச் சட்டம் 2005-இன்படி மாவட்டத்துக்குப் பாதுகாப்பு அலுவலர் உண்டு. சமூகநல அலுவலகத்தில் கேளுங்கள். நீங்கள் சொல்வதை அவர் குடும்ப நிகழ்வு அறிக்கையாக எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். தேதி நினைவில்லையா? "பொங்கலுக்கு மறுநாள் ராத்திரி, கரண்டியால் அடித்தார்" என்று சொல்லுங்கள். "அடிக்கடி கொடுமை" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் வழக்கு நிற்காது.

அதுவும் தூரமென்றால், தாலுகா கோர்ட் வளாகத்திலேயே சட்டப்பணிகள் குழு இருக்கும். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு அங்கே இலவச வக்கீல் உண்டு. மாஜிஸ்திரேட்டிடம் மனு போட்டால் மூன்று நாளில் முதல் விசாரணை, அதிலிருந்து 60 நாளில் முடிவு என்கிறது சட்டம். நடைமுறையில் இழுத்தடிக்கிறார்கள், எனக்கு ஆறாத கோபம் இதில்தான். அதனால் வழக்கு முடியும்வரை செல்லும் இடைக்கால உத்தரவை முதல் நாளே வக்கீலைக் கேட்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று: பஞ்சாயத்தில் "இனிமேல் கை நீட்ட மாட்டேன்" என்று அவர் எழுதிக் கொடுத்த தாள் இருந்தால் பத்திரமாக வையுங்கள். முன்பு அடித்ததற்கு அவர் கையெழுத்தே ஆதாரம்.

கேள்வி: சென்னையில அபார்ட்மெண்ட். வீடு மாமியார் பேர்ல இருக்கு, வெளிய போன்னு மிரட்டுறாங்க மேடம்.

பதில்: நீங்கள் மருமகளாக வாழ்ந்த வீடு யார் பேரில் இருந்தாலும், அங்கே குடியிருக்கும் உரிமையைக் கேட்கலாம். 2020-இல் உச்ச நீதிமன்றமும் இதைத் தெளிவாக்கியது. தேவையென்றால் மாற்று வீடோ வாடகையோ தரும்படி கோர்ட் உத்தரவிடும். நகரத்தில் அலுவலகங்கள் பக்கத்தில்தான். கதவைச் சாத்திவிட்டால் சாட்சிதான் கிடைப்பதில்லை. மெசேஜ், ஆஸ்பத்திரிச் சீட்டு எதையும் அழிக்காதீர்கள்.

கேள்வி: அம்மா வீட்டுக்கு வந்துட்டேன், வேற மாவட்டம். இங்க கேஸ் போடலாமா?

பதில்: போடலாம். தற்காலிகமாகத் தங்கியிருந்தாலும் போதும்.

கேள்வி: வீட்டு வேலை செய்யுற இடத்துல முதலாளி தப்பா நடந்துக்கிறார். எங்களுக்கெல்லாம் கமிட்டி இருக்கா?

பதில்: இருக்கிறதும்மா. வேலையிடத்தில் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013 சட்டப்படி மாவட்டத்துக்கு ஒரு உள்ளூர்க் குழு. கலெக்டர் ஆபீசில் கேளுங்கள். மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுங்கள். முகாந்திரம் இருந்தால் குழுவே ஏழு நாளில் போலீசுக்கு அனுப்ப வேண்டும்.

கேள்வி: கேஸ் போட்டா உடனே அவரை ஜெயில்ல போட்டுடுவாங்களோன்னு பயமா இருக்கு.

பதில்: 2005 சட்டத்தில் முதலில் கிடைப்பது பாதுகாப்பு உத்தரவு. அதை மீறினால்தான் ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

கேள்வி: பக்கத்து வீட்டுல தினம் அடி, அழுகை. நாங்க சொன்னா வம்பாகுமா?

பதில்: யார் வேண்டுமானாலும் தகவல் தரலாம். நல்லெண்ணத்தில் சொன்னவர் மீது வழக்கு வராது என்று சட்டமே சொல்கிறது. பெண்கள் உதவி எண் 181-ஐக் கூப்பிடுங்கள், இன்றைக்கே.