பட்டா இல்லாத வீட்டுக்கு மாற்று வீடு உண்டா?

கேள்வி: எங்கள் ஊரில் புதிய நீர்த்தேக்கம் வரப்போகிறது. 20 வருடங்களாகப் புறம்போக்கில் வீடு கட்டிக் குடியிருக்கிறோம். சொந்த நிலம் கிடையாது, கூலி வேலைதான். அளக்க வந்தவர்கள் "பட்டா இல்லையே, உங்களுக்கு ஒன்றும் வராது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். திருமணமான மகனும், கணவர் கைவிட்ட என் தங்கையும் எங்களோடுதான் இருக்கிறார்கள். நாங்கள் எங்கே போவது? - ஒரு வாசகி

பதில்: அவர்கள் சொன்னது தவறு அம்மா. பட்டா இல்லாவிட்டால் நிலத்துக்கான விலை கிடைக்காது, அது உண்மை. ஆனால் வீடு வேறு விஷயம். 2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டத்தில் இரண்டாம் அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. வீட்டு மனை இல்லாத குடும்பமாக இருந்தாலும், நிலம் எடுப்பதற்கான அரசு அறிவிக்கை வருவதற்கு முன் குறைந்தது 3 ஆண்டுகள் தொடர்ந்து அங்கே வசித்திருந்து, விருப்பமில்லாமல் வெளியேற்றப்பட்டால் கட்டிய வீடு தர வேண்டும் என்று அது சொல்கிறது. நீங்கள் 20 வருடம் இருந்திருக்கிறீர்கள்!

அதனால் இப்போது முக்கியம், அங்கே குடியிருந்தீர்கள் என்பதற்கான ஆதாரம். ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, வீட்டு வரி ரசீது, மின் கட்டண ரசீது, 100 நாள் வேலை அட்டை என்று கையில் இருப்பதையெல்லாம் நகல் எடுத்து வையுங்கள். ஆக்கிரமிப்புக்காக பி மெமோ என்ற வருவாய்த் துறை நோட்டீஸ் போட்டு அபராதம் வாங்கியிருந்தால் அந்த ரசீதையும் தூக்கிப் போடாதீர்கள். பலரும் அதைப் பார்த்தால் பயப்படுகிறார்கள், ஆனால் அந்த வருடத்தில் நீங்கள் அங்கே இருந்தீர்கள் என்று அரசே எழுதிக் கொடுத்த தாள் அது.

அப்புறம் கணக்கெடுப்பு. முதல்நிலை அறிவிக்கை வந்தபின் மறுவாழ்வு நிர்வாகி வீடு வீடாகக் கணக்கெடுக்க வேண்டும். நிலம் இல்லாதவர்களின் பிழைப்பும் அதில் ஏற வேண்டும். நீங்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் வந்து, பூட்டிய வீடு என்று எழுதிக்கொண்டு போய்விட்டால் பின்னால் அலைய வேண்டியிருக்கும். பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். இல்லையென்றால் அன்றைக்கே எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னது எதுவும் நாளைக்கு நிற்காது.

மகனும் தங்கையும்? சட்டப்படி வயது வந்தவர், மணமானவரோ ஆகாதவரோ, தனிக் குடும்பம். விதவைகளும், மணமுறிவு ஆனவர்களும், கைவிடப்பட்ட பெண்களும் தனிக் குடும்பம்தான். ஒரே கூரையின் கீழ் இருப்பதால் ஒரே குடும்பமாக எழுதினால் ஒப்புக்கொள்ளாதீர்கள், மூன்று குடும்பமாக எழுதச் சொல்லுங்கள்.

வீடு தருவதற்கு முன்பே காலி செய்யச் சொன்னால் பிரிவு 38-ஐக் காட்டுங்கள். பாசனத் திட்டம் என்றால் நிலம் தண்ணீரில் மூழ்குவதற்கு 6 மாதம் முன்பே மறுவாழ்வு, மறுகுடியமர்வு வேலைகள் முடிந்திருக்க வேண்டும், அதற்குக் கலெக்டர்தான் பொறுப்பு. வீட்டோடு, ஓர் ஆண்டுக்கு மாதம் 3,000 ரூபாய், சாமான் ஏற்றிப்போக 50,000, ஒருமுறை மறுகுடியமர்வுப் படியாக இன்னொரு 50,000 ரூபாய் என்று அட்டவணையில் இருக்கிறது.

எனக்கு ஒரு விஷயத்தில் கோபம் உண்டு. நகரத்தில் வீடு இழந்தவருக்கு 50 சதுர மீட்டருக்குக் குறையாமல் வீடு. கிராமத்தில் இழந்தவருக்கோ அரசின் ஊரக வீட்டுத் திட்ட அளவு, இன்றைக்கு அது குறைந்தபட்சம் 25 சதுர மீட்டர். ஆடு கட்டவும் விறகு அடுக்கவும் இடம் தேவைப்படுகிறவர்களுக்குப் பாதி அளவு வீடு! மறுவாழ்வு வரைவுத் திட்டத்துக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும்போது இதை எழுந்து சொல்லுங்கள். மாட்டுத் தொழுவம் இருந்தால் அதற்கும் தனியாக உதவித்தொகை உண்டு, மறக்காமல் எழுதச் சொல்லுங்கள்.

மேட்டூர் அணையில் தண்ணீர் இறங்கும்போது பண்ணவாடியில் நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும், படம் பார்த்திருப்பீர்கள். அந்த அணை கட்டி முடித்தது 1934-இல். அதில் மூழ்கிய ஊர்களை விட்டுப் போனவர்கள் காலத்தில் இந்த 2013 சட்டம் இல்லை, உங்களுக்கு இருக்கிறது. யாருக்கு என்ன கிடைக்கும் என்று கலெக்டர் கடைசியாகப் போடும் தீர்வாணை சரியில்லை என்று பட்டால், அது வழங்கப்படும்போது நீங்கள் அங்கே இருந்திருந்தால் 6 வாரத்துக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுக்க வேண்டும். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேட்டால் பெண்களுக்கு இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள், அறிவிக்கை கைக்கு வந்ததுமே அங்கே ஒருமுறை போய்விட்டு வாருங்கள்.