பூஜை குறைந்தால் பக்தி குறையுமா?

கேள்வி: தினமும் காலையில் ஒரு மணி நேரமாவது பூஜை செய்வேன். விரதம், பாராயணம் எதையும் விட்டதில்லை. மாமியார் பக்கவாதம் வந்து படுத்த பிறகு எல்லாம் நின்றுவிட்டது. விளக்கேற்றிக் கும்பிட ஐந்து நிமிடம் கிடைத்தால் பெரிது. அதிலும் அவர் கூப்பிட்டால் பாதியில் எழுந்து ஓட வேண்டும். அப்போது எரிச்சல் வருகிறது, பிறகு குற்ற உணர்வு. “சேவைதான் உண்மையான பூஜை, திருப்தியாக இரு” என்கிறார்கள் வீட்டில். எனக்குத் திருப்தி வரவில்லை. இத்தனை வருட பக்தி பொய்யா? – ஒரு வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

பொய்யே இல்லை. கும்பிட நேரம் கிடைக்கவில்லையே என்று ஏங்குகிற மனசு கடவுளை விட்டு எங்கேயும் போய்விடவில்லை.

“யாவர்க்குமாம் இறைவற்கு ஒரு பச்சிலை” என்று தொடங்கும் திருமூலர் பாட்டு உங்களுக்குத் தெரிந்திருக்கும். இறைவனுக்கு ஒரு பச்சிலை, பசுவுக்கு ஒரு வாய்ப் புல், உண்ணும்போது பிறருக்கு ஒரு கைப்பிடி, பிறரிடம் ஓர் இனிய சொல். இந்த நான்கும் எல்லோராலும் முடியும் என்கிறார். எவ்வளவு நேரம் என்ற பேச்சே அதில் வரவில்லை. சாமிக்குப் போடும் இலையையும் மனிதரிடம் பேசும் இன்சொல்லையும் அவர் ஒரே வரிசையில் வைத்திருப்பதைப் பாருங்கள். உங்கள் மாமியாரைப் புரட்டிப் படுக்கவைத்துவிட்டு, “இப்போ வலி பரவாயில்லையா அத்தை?” என்று கேட்கிறீர்களே, அந்தக் கேள்விக்கும் அந்த வரிசையில் இடம் உண்டு.

ஆனால் இதோடு நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. ‘சேவைதான் பூஜை’ என்பதை அந்தச் சேவையைச் செய்கிறவர் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளலாம். பார்த்துக்கொண்டு நிற்கிறவர்கள் சொன்னால், வேலையை ஒருவர் தலையில் கட்டிவிட்டு அதற்குப் புண்ணியம் என்று பெயர் வைப்பதாகத்தான் ஆகும். அது பூஜை என்றால் வீட்டில் எல்லோருக்கும் அதில் பங்கு வேண்டாமா? காலையில் அரை மணி நேரம் அம்மா பக்கத்தில் மகன் உட்காரட்டும். உடம்பு துடைக்கவும், படுக்கைப் புண் வராமல் திருப்பிப் படுக்கவைக்கவும் அவரும் கற்றுக்கொள்ளலாம். இதைக் கணவரிடம் கேட்பதால் உங்கள் திருப்தி குணத்துக்கு எந்தக் களங்கமும் வராது.

திருப்தி வரவில்லையே என்கிறீர்கள். பதஞ்சலி சொன்ன யோக முறையில் நியமங்கள் 5. தூய்மை, திருப்தி, தவம், கற்றல், இறைவனிடம் ஒப்படைத்தல். பூஜைக்குப் பலனாகக் கிடைப்பது என்று திருப்தியை நாம் நினைத்திருக்கிறோம். அவரோ அதைக் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுக்கங்களில் ஒன்றாக வைத்திருக்கிறார். நேற்றுக் குளித்தது இன்றைக்குப் போதாது, இல்லையா? இதுவும் அப்படித்தான். இன்று கிடைத்த ஐந்து நிமிடத்தை, பழைய ஒரு மணி நேரத்தோடு ஒப்பிடாமல் முழுதாக இருந்து பார்ப்பதுதான் பயிற்சி. ஒருநாள் கைகூடும், மறுநாள் கூடாது. கூடாத நாளைத் தோல்வி என்று எழுதி வைக்காதீர்கள்.

இனி அந்த எரிச்சல். உங்களை அதிகம் வாட்டுவது அதுதான் என்று கடிதத்தைப் படித்ததும் தோன்றியது. சுந்தரர் பார்வை இழந்த கதையை நினைத்துக்கொள்ளுங்கள். திருவொற்றியூரில், உன்னைப் பிரிய மாட்டேன் என்று மனைவி சங்கிலியாருக்குச் செய்த சத்தியத்தை மீறி அவர் ஊர் எல்லையைத் தாண்டியதும் கண் தெரியாமல் போயிற்று. காஞ்சியில் ஒரு கண் திரும்பியது. மற்றொன்றுக்காகத் திருவாரூரில் நின்று பாடுகிறார். தவறு தன்னுடையது என்று தெரிந்தும் அந்தப் பாட்டில் எவ்வளவு கோபம்! “மூளாத் தீப்போல் உள்ளே கனன்று” முகம் வாடி நிற்கும் அடியார் தங்கள் கஷ்டத்தைச் சொன்னால் நீர் சும்மா இருப்பீரோ, அப்படியே வாழ்ந்து போம் என்று சாமியையே கேட்கிறார். கொழுந்துவிட்டு எரியாமல் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும் தீ. உங்கள் நிலைமையும் அதுதானே, சகோதரி? அந்தக் கோபப் பாட்டை நம் பெரியவர்கள் ஒதுக்கிவிடவில்லை, தேவாரத்தோடு சேர்த்து ஓதினார்கள்.

ஆகவே அந்த ஐந்து நிமிடத்தில் ஸ்தோத்திரம் ஓடவில்லை என்றால் விட்டுவிடுங்கள். “இன்றைக்கு எனக்கு முடியவில்லை, கோபமாக வருகிறது” என்று உள்ளதைச் சொல்லுங்கள். சிரித்த முகத்தோடு போய் நின்றால்தான் வழிபாடு என்று யாரும் விதிக்கவில்லை. பாதியில் அத்தை கூப்பிட்டால் எழுந்து போங்கள். திரும்பி வந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்ற கணக்கும் வேண்டாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாகச் சொல்கிறேன். விட்ட பூஜையை ஈடுகட்ட விடியற்காலையில் இன்னும் முன்னதாக எழுந்திருக்காதீர்கள். இரவெல்லாம் நோயாளிக்காக எழுந்து எழுந்து படுக்கிறவருக்குத் தூக்கம் மிக அவசியம். கணவர் உட்காரும் அந்த அரை மணி நேரத்தில் உங்களுக்குத் தூங்க வேண்டும் போலிருந்தால், சாமி அறைக்குப் போகாமல் தூங்குங்கள்.