ஒளிவட்டம் போட்டோவில் விழுமா?

கேள்வி: தி.நகரில் ஒரு கடையில் இலை, மோதிரம், விரல் என்று எல்லாவற்றையும் சுற்றி நீல ஒளி தெரிகிற போட்டோக்களைக் காட்டி, இதுதான் ஆரா, உயிர்ச்சக்தி என்கிறார்கள். நம்பலாமா சார்?
- வாசகர், மேற்கு மாம்பலம்

பதில்: ஒளி நிஜம், கதைதான் கப்சா. 1939-ல் சோவியத் யூனியனில் செம்யோன் கிர்லியன் என்ற எலக்ட்ரீஷியன் கவனித்த சங்கதி இது. உலோகத் தகட்டின் மேல் ஃபிலிம், அதன் மேல் பொருள், அப்புறம் உயர் மின்னழுத்தம் கொடுத்தால் பொருளின் ஓரத்திலுள்ள காற்று அயனியாகி (அதாவது மின்னேற்றம் பெற்று) மினுங்கும், அதுதான் ஃபிலிமில் பதிகிறது, கேமராவே வேண்டாம். நாணயத்துக்கும் இதே ஒளிவட்டம் வரும் (மோதிரத்துக்கு ஏது உயிர் என்று அங்கேயே கேட்டிருக்கலாம்!). ஈரம் மாறினால் படமும் மாறும், நம்ம சென்னைப் புழுக்கத்தில் வேர்த்த விரலை வைத்தால் கேட்கவே வேண்டாம். காற்றில்லாத வெற்றிடத்தில் எடுத்தால் ஒளி காணாமல் போய்விடும். பரிகாரத்துக்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.