பட்டறைக் கேள்வி–பதில்: பழைய டர்போ இன்ஜினுக்கு எந்த ஹெட் போடலாம்?

கேள்வி: எங்கள் விசைப்படகில் ஓடுவது லாரியிலிருந்து எடுத்த ஆறு சிலிண்டர் டர்போ டீசல் இன்ஜின். சூடு ஏறி நின்றதால் ஹெட்டை, அதாவது சிலிண்டர்களை மேலே மூடும் பாகத்தை, கழற்றினோம். ஒரு சிலிண்டரில் இரண்டு வால்வு சீட்டுக்கும் (வால்வு உட்கார்ந்து மூடும் வளையம்) நடுவே கிராக் விழுந்திருக்கிறது. வெல்டிங் வைத்தால் போதும் என்கிறார் மெக்கானிக். டர்போ இல்லாத அதே மாடலின் பழைய ஹெட் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. புதிதும் வாங்கலாம். எது நல்லது?
– படகு உரிமையாளர், குளச்சல்

பதில்: வால்வுகளுக்கு நடுவில் வந்த கிராக்குக்கு வெல்டிங் வேண்டவே வேண்டாம். ஹெட்டிலேயே அதிகம் சூடாகும் இடம் அது. டர்போ இன்ஜினில் இன்னும் அதிகம். வார்ப்பிரும்பில் வைத்த வெல்டிங் அங்கே நிற்காது. வெளிப்பக்க வாட்டர் ஜாக்கெட்டில் (தண்ணீர் ஓடும் உறை) கிராக் என்றால் தையல் முறையில், அதாவது கிராக் நெடுக வரிசையாக உலோக ஆணி இறக்கி, அடைக்கலாம், அது வேறு விஷயம்.

டர்போ இல்லாத ஹெட் பார்வைக்கு அச்சு அசலாக இருக்கும். முதலில் இரண்டு ஹெட்டிலும் உள்ள வார்ப்பு எண்ணைப் பாருங்கள். எண் வேறென்றால் தண்ணீர்த் துளைகளின் அளவும் இஞ்செக்டர் உட்காரும் இடமும் மாறியிருக்கலாம், விட்டுவிடுங்கள். எண் ஒன்றாக இருந்தாலும் அப்படியே மாட்டக் கூடாது. டர்போ மாடலின் எக்ஸாஸ்ட் வால்வு அதிகச் சூட்டைத் தாங்கும் உலோகத்தில் வரும், சீட்டும் கடினமானது. சில சாதாரண ஹெட்களில் தனி சீட் வளையமே இருக்காது, வார்ப்பிலேயே கடைந்திருப்பார்கள். எனவே டர்போ மாடலுக்கான எக்ஸாஸ்ட் வால்வு, சீட், கைடு (வால்வுத் தண்டு ஓடும் குழல்) மூன்றையும் புதிதாக வாங்கிப் போட்டால்தான் அந்த ஹெட் உதவும். அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் மலிவு பெரும்பாலும் காணாமல் போகும். ஆழ்கடலுக்குப் போகும் படகுக்கு என் தேர்வு புது ஹெட்தான்.

பழையதையே வாங்குவதென்றால் பணம் கொடுக்குமுன் சோதனை முடியட்டும். கரியும் துருவும் போகக் கழுவி, சிவப்புச் சாயம் பூசித் துடைத்து, வெள்ளை டெவலப்பர் அடித்தால் மயிரிழைக் கிராக்கும் சிவப்புக் கோடாகத் தெரியும். அடுத்து பிரஷர் டெஸ்ட்: தண்ணீர்த் துளைகளை அடைத்து, சுமார் 80 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் முக்கி, 3 முதல் 4 பார் காற்று விட வேண்டும். குளிர்ந்த நீரில் தெரியாத குமிழி சூட்டில் தெரியும். இதற்கெல்லாம் பிறகே சீட் வேலை.

கிராக் வந்த காரணத்தைச் சரிசெய்யாமல் எந்த ஹெட்டைப் போட்டாலும் அடுத்த பருவத்தில் இதே கதைதான். கடல்நீரால் இன்ஜின் தண்ணீரைக் குளிர்விக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் குழாய்களில் உப்பும் சிப்பியும் அடைத்திருக்கிறதா, கடல்நீர் பம்பின் இம்பெல்லர் இதழ் ஒடிந்திருக்கிறதா, இஞ்செக்டரின் நாசில் (டீசல் பீய்ச்சும் முனை) சொட்டுகிறதா, வேகத்துக்காக யாராவது டீசல் அளவைக் கூட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். உங்கள் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறது. புது ஹெட்டுக்கு முதல் வாரமே சொல்லி வைத்தால் மீதி வேலையை அவசரமில்லாமல் முடிக்கலாம்.

கேள்வி: பழைய டர்போ டீசல் ஜீப்பின் ஹெட் வளைந்திருந்ததால் 0.3 மி.மீ. பேசிங் செய்தோம் (அடிப்பரப்பைச் சீவித் தட்டையாக்கினோம்). அதை ஈடுகட்டத் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் வரும் கேஸ்கெட்டைத் தடிமனாகப் போடச் சொல்கிறார்கள். சரியா?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: சரியில்லை. பல பட்டறைகளில் நடக்கும் தவறு இது. உங்கள் இன்ஜின் நேரடியாக பிஸ்டன் குழிக்குள் டீசல் பீய்ச்சும் வகை என்றால் ஹெட்டின் அடிப்பக்கம் தட்டையானது. எவ்வளவு பேசிங் செய்தாலும் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி மாறாது. கேஸ்கெட் தடிமனைத் தீர்மானிப்பது, பிஸ்டன் மேலே வரும்போது பிளாக்கைத் தாண்டி எவ்வளவு நீட்டுகிறது என்பதே. அதை டயல் கேஜ் வைத்து எல்லா சிலிண்டரிலும் அளந்து, மிக அதிகமாக வரும் அளவுக்கு மேனுவல் சொல்லும் கேஸ்கெட்டை வாங்குங்கள். தேவையில்லாமல் தடிமனைக் கூட்டினால் கம்ப்ரஷன் குறைந்து, காலையில் வெள்ளைப் புகையோடுதான் ஸ்டார்ட் ஆகும்.

பேசிங்கால் மாறுவது வேறு இரண்டு. ஒன்று, ஹெட்டின் அடிப்பரப்பிலிருந்து வால்வு உள்வாங்கி இருக்கும் ஆழம். முன்பு 1.0 மி.மீ. இருந்தால் இப்போது 0.7தான். மேனுவல் சொல்லும் குறைந்தபட்சத்துக்குக் கீழே போனால் பிஸ்டன் வால்வில் இடிக்கும். சீட்டை ஆழமாகக் கடைய வேண்டும். இரண்டு, நாசில் முனை 0.3 மி.மீ. கூடுதலாக வெளியே நீட்டும். டீசல் குழியின் அடியில் போய் விழும், கரும்புகை வரும், பிஸ்டன் எரியும். அதே அளவு கூடுதல் தடிமனுள்ள செப்பு வாஷர் போட்டால் தீரும்.

ஹெட்டிலேயே ப்ரீ-சேம்பர் (டீசல் முதலில் எரியத் தொடங்கும் சிறு கிண்ணம்) உள்ள பழைய வகை என்றால் அந்தக் கிண்ணத்தைக் கழற்றி, அதன் இருக்கையையும் கடைந்து, நீட்டும் அளவை மேனுவல்படி கொண்டுவர வேண்டும். எந்த வகையானாலும் பேசிங்குக்குப் பின் ஹெட்டின் உயரத்தை அளந்து பாருங்கள். குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போன ஹெட் பழைய இரும்புக்குத்தான்.

கேள்வி: பழைய ஹெட் போல்ட்டையே திரும்பப் போடலாமா?
– வாசகர், தக்கலை

பதில்: குறித்த டார்க் (இறுக்கும் விசை) வரை இறுக்கிய பிறகு இத்தனை டிகிரி திருப்பு என்று மேனுவல் சொன்னால் அவை பெரும்பாலும் இழுபட்டுப் பிடிக்கும் போல்ட்டுகள். நீள வரம்பு கொடுத்திருந்தால் அளந்து பாருங்கள். இல்லையென்றால் புதிது வாங்குங்கள். மற்றவற்றில் மரையும் தண்டும் நன்றாக இருந்தால் போடலாம். மாட்டுமுன் பிளாக்கின் அடிமூடிய போல்ட் துளைகளில் உள்ள எண்ணெயையும் தண்ணீரையும் காற்றடித்து எடுத்துவிடுங்கள். தேங்கிய திரவம் போல்ட்டை இறுக்கும்போது அழுந்தி பிளாக்கையே பிளக்கும். இறுக்குவது நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று கட்டமாக.