சிப்பிப்பாறையும் பொமரேனியனும் ஒரே வீட்டில்: எவ்வளவு தூரம் நம்பலாம்?

கேள்வி: கல்லிடைக்குறிச்சியில் எங்கள் பூர்வீக வீட்டில் 3 வயதுச் சிப்பிப்பாறை ஆண் நாய் ஒன்றை வளர்த்துவருகிறோம். எடை 20 கிலோ. வீட்டு மனிதர்களிடம் மிகவும் சாது. கோழியையும் பூனையையும் கண்டால் மட்டும் விரட்டும். சென்னையில் இருக்கும் மகள் வேலை மாற்றலாகி, 5 வயதுப் பேரனோடு அடுத்த மாதம் இங்கேயே வந்துவிடுகிறாள். அவளிடம் 5 கிலோ எடையுள்ள 2 வயதுப் பொமரேனியன் பெட்டை இருக்கிறது, கருத்தடை செய்யவில்லை. “ரெண்டையும் ஒண்ணா விடுங்க, அதுகளே பழகிக்கிடும்” என்கிறார்கள் பக்கத்து வீட்டார். எனக்குப் பயமாக இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வளர்க்க முடியுமா? பெரியதைச் சங்கிலியில் கட்டிவிடலாமா? இரண்டுக்கும் ஒரே சாப்பாடு போடலாமா?

பதில்: வளர்க்க முடியும். ஆனால், ஆள் பார்வையில்லாத நேரத்தில் இரண்டும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது என்ற ஒரு நிபந்தனையை, அவை எவ்வளவு நெருக்கமாகப் பழகிவிட்டாலும், இரண்டில் ஒன்றின் ஆயுள் முடியும்வரை நீங்கள் கைவிடக் கூடாது. “ஆறு மாதமாக ஒன்றாகத்தான் படுத்துக் கிடந்தன டாக்டர்” என்று சொல்லியபடியே சிறிய நாயைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வருகிறவர்களை என் போன்ற கால்நடை மருத்துவர்கள் தொடர்ந்து பார்க்கிறோம். அவர்கள் சொல்வது உண்மைதான். பழக்கம் உண்மையாக இருந்தும் விபரீதம் நடந்தது எப்படி என்பதைப் புரிந்துகொண்டால், மற்ற ஏற்பாடுகளெல்லாம் உங்களுக்கே விளங்கிவிடும்.

சிப்பிப்பாறை கண்ணால் வேட்டையாடும் இனம். கரிசல் காட்டில் முயலை ஓட்டிப் பிடிப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்த பிறகு அந்த வேட்டைக்கு இடமில்லை. உணர்வு மட்டும் ரத்தத்தில் அப்படியே இருக்கிறது. சிறியதாக, மயிர் அடர்ந்ததாக ஒன்று விருட்டென்று ஓடும்போதோ, கீச்சென்று கத்தும்போதோ, அதுவரை விளையாடிக்கொண்டிருந்த நாய்க்குள் வேட்டை நாய் விழித்துக்கொள்கிறது. அந்த நொடியில் எதிரே இருப்பது தன்னோடு படுத்துறங்கும் துணை என்பது அதற்குத் தோன்றாது, கவ்வும், உதறும். இதில் கோபமோ பொறாமையோ இல்லை என்பதால் முன்னறிவிப்பாக உறுமலும் இருக்காது. ஒத்த உடல்வாகுள்ள இரண்டு நாய்கள் சண்டையிட்டால் பெரும்பாலும் காது கிழிவதோடு முடிந்துவிடும். 20 கிலோவுக்கும் 5 கிலோவுக்கும் நடுவில் ஒரே ஒரு கவ்வல் போதும்.

எனவே உங்கள் நாய் மனிதர்களிடம் சாது என்பது நல்ல செய்தியே தவிர, இந்தக் கேள்விக்கு அது விடையாகாது. கோழியையும் பூனையையும் விரட்டும் என்று நீங்கள் எழுதியிருப்பதைத்தான் நான் கவனிக்கிறேன். விரட்டிவிட்டு, கூப்பிட்டதும் திரும்பி வருகிறதா, அல்லது காது கேளாததுபோல் ஓடுகிறதா? இதுவரை பூனையையோ கோழியையோ பிடித்துக் கொன்றிருக்கிறதா? கூப்பிட்டால் வருமென்றால் நம்பிக்கையோடு தொடங்கலாம். கொன்றிருக்கிறதென்றால், இரண்டையும் பழக்கும் முயற்சியையே விட்டுவிட்டு, ஒரே வளவில் இரண்டு தனித்தனி வாழ்விடங்களை அமைத்துக்கொடுப்பதுதான் நேர்மையான வழி. அப்படி வாழும் நாய்களும் குறையில்லாமல் வாழ்கின்றன.

மகள் வருவதற்கு ஒரு மாதம் இருப்பது பெரிய வசதி. முதலில் வீட்டைத் தயார் செய்யுங்கள். நம் பக்கத்துப் பழைய வீடுகள் தெருவாசலிலிருந்து புறவாசல்வரை நீளவாக்கில் கட்டுக் கட்டாகப் போவதால், பிரிப்பது எளிது. முன்கட்டும் தார்சாவும் பெரிய நாய்க்கு, இரண்டாம் கட்டும் அடுக்களையும் சிறிய நாய்க்கு என்று வைத்துக்கொண்டால், நடுவில் ஒரு கதவைத்தான் நீங்கள் காவல் காக்க வேண்டியிருக்கும். அந்த இடத்தில் கம்பி போட்ட அழிக்கதவு இருந்தால் அதை மட்டும் நம்பிவிடாதீர்கள். சிப்பிப்பாறையின் முகம் கூர்மையானது, தலை ஒடுங்கியது, கழுத்து நீளம். கம்பிகளின் இடைவெளியில் மூக்கோடு தாடையும் நுழைந்துவிடும். பொமரேனியனோ அதே இடைவெளியில் தன் தலையையே நீட்டும். கதவின் அடியிலிருந்து இடுப்பளவு உயரம்வரை சின்னக் கண் உள்ள வெல்டு மெஷ் வலையை இழுத்துக் கட்டுங்கள். இடுப்பளவுத் தடுப்புக் கதவுகளைக் கடையில் விற்கிறார்கள். சிப்பிப்பாறை அதை நின்ற இடத்திலிருந்தே தாண்டிவிடும் என்பதால் அது உங்களுக்கு உதவாது.

வந்த நாளிலேயே இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்த வேண்டாம். முதல் சில நாட்களுக்கு வாடை மட்டும் பழகட்டும். பொமரேனியன் படுத்த துணியைப் பெரியதன் சோற்றுத் தட்டுக்கு அருகிலும், அதன் துணியை இதன் அருகிலும் போடுங்கள். பிறகு வீட்டுக்கு வெளியே, இரண்டுக்கும் சொந்தமில்லாத ஓர் இடத்தில், விடியற்காலையில் சந்திக்க வையுங்கள். உங்கள் ஊரில் வாய்க்கால் கரைச் சாலைகள் இதற்கு மிகவும் தோதானவை. ஆளுக்கொரு நாயை வாரில் பிடித்துக்கொண்டு, நடுவில் பத்தடிக்குக் குறையாமல் இடைவெளி விட்டு, ஒரே திசையில் நடக்க வேண்டும். நின்று முகம் பார்க்க விடக் கூடாது. பொமரேனியன் இனத்துக்கு மூச்சுக்குழல் பலவீனம் இருப்பதால் அதற்குக் கழுத்துப்பட்டை வேண்டாம். மார்போடு சேர்த்து மாட்டும் வார்தான் சரி. நாள்தோறும் இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, இரண்டும் ஒன்றையொன்று பொருட்படுத்தாமல் நடக்கும் நிலை வந்த பிறகே, வீட்டுக்குள் வலைக்கு இருபுறமும், அதன்பின் வாரோடு ஒரே அறையிலும் பழக்குங்கள். இரண்டு வாரத்திலும் முடியலாம், இரண்டு மாதமும் ஆகலாம்.

இந்தக் காலத்தில் பெரிய நாயின் உடலை வாசிக்கப் பழகிக்கொள்ளுங்கள். வாய் தளர்ந்து திறந்திருப்பது, பக்கவாட்டில் பார்வையைத் திருப்பிக்கொள்வது, முன்னங்காலை நீட்டிப் பின்பக்கத்தை உயர்த்துவது, எல்லாவற்றுக்கும் மேலாகச் சிறியதற்குச் சமமாகத் தானும் தரையில் படுத்துக்கொண்டு விளையாடுவது ஆகியவை நல்ல அடையாளங்கள். வாய் இறுக மூடி, காது முன்னால் விறைத்து, இமைக்காமல் சிறியதையே பார்த்தபடி ஓசையில்லாமல் நிற்பதோ, தலையைத் தாழ்த்தி அடி மேல் அடி வைப்பதோ தெரிந்தால் உடனே அறையை விட்டு வெளியே கொண்டுபோய்விடுங்கள். பலர் குரைப்புக்குத்தான் பயப்படுகிறார்கள். நான் அந்த மௌனத்துக்குத்தான் பயப்படுவேன். நல்ல விளையாட்டாக இருந்தாலும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை கூப்பிட்டு நிறுத்தி, மூச்சு தணிந்த பிறகே தொடர விடுங்கள். சூடு ஏறிய விளையாட்டுதான் வேட்டையாக மாறுகிறது.

சிறிய நாய்க்கும் ஒழுங்கு தேவை. அது பெரியதன் முகத்தருகே போய்க் குரைப்பதையும் காலைக் கவ்வுவதையும் வேடிக்கையாக எண்ணிச் சிரிப்பது நம் வீடுகளில் வழக்கம். பெரியது எத்தனை முறை பொறுத்துக்கொள்ளும்? பயம் வந்தவுடன் சிறியதைக் கையில் தூக்குவதும் தவறு. தூக்கிய பொருளை எட்டிப் பிடிக்க நாய் தாவும். உங்கள் பேரன் விஷயத்தில் இதைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும்: ஒரு குழந்தை, சிறிய நாயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கத்திக்கொண்டே ஓடினால், வேட்டை நாய்க்கு அதைவிடப் பெரிய தூண்டுதல் இல்லை, கடி குழந்தையின் முகத்தில் விழும். பெரிய நாய் அவிழ்ந்திருக்கும் இடத்தில் பொமரேனியனைத் தூக்கக் கூடாது என்று முதல் நாளிலேயே அவனிடம் சொல்லி வையுங்கள். 5 வயதில் அவன் அதை மறந்துபோவான் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு பெரியவர் ஒருவர் உடன் இருங்கள்.

பழகிவிட்ட நாய்களுக்கும் சில நேரங்கள் ஆபத்தானவை. மதில்மேல் மயிலோ குரங்கோ வந்து உட்கார, அதை எட்ட முடியாத வெறியில் பெரியது பக்கத்தில் நின்று குரைக்கும் சிறியதன்மேல் பாய்வது அடிக்கடி நடக்கிறது. தீபாவளி, கோயில் கொடை நாட்களின் வேட்டுச் சத்தத்திலும் இதே கதைதான். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தைப் போல வீடே மாடி அறையில் ஒதுங்க நேரும்போது இடமும் இருக்காது, நிதானமும் இருக்காது. இத்தகைய நேரங்களுக்காகவே பொமரேனியனை ஒரு கூண்டில் விருப்பத்தோடு உறங்கப் பழக்கி வைத்திருங்கள்.

சாப்பாட்டைத் தனித்தனி அறையில், கதவைச் சாத்திவிட்டுப் போடுங்கள். மிச்சம் கிடக்கும் தட்டை எடுத்த பிறகே கதவைத் திறக்க வேண்டும். எலும்பு இந்த வீட்டில் வேண்டவே வேண்டாம். சண்டைக்கு அதைவிடப் பெரிய காரணம் கிடையாது. ஒரே சமையலைக் கொடுக்கலாம். அளவை எடைக்கு நேர்விகிதமாகக் கணக்கிடக் கூடாது. சிப்பிப்பாறை 4 மடங்கு எடையுள்ளதாக இருந்தாலும் அதன் அடிப்படைச் சக்தித் தேவை பொமரேனியனுடையதைப்போல் ஏறத்தாழ 3 மடங்குதான். உடல் சிறிதாகச் சிறிதாக ஒவ்வொரு கிலோவுக்கும் அதிகச் சக்தி செலவாகும். தின்னக் கூடாதவற்றில் கணக்கு நேர்மாறானது. பெரியதை ஒன்றும் செய்யாத ஒரு துண்டு சாக்லேட் சிறியதைப் படுக்க வைக்கலாம். நெய் சொட்டும் அல்வாத் துண்டு 5 கிலோ உடம்பின் கணையத்துக்குத் தாங்காது.

மருந்துகளிலும் இதே கவனம் வேண்டும். குடற்புழு மாத்திரைகளில் பல, 10 கிலோவுக்கு ஒன்று என்ற கணக்கில் வருபவை. உங்கள் வீட்டில் ஒன்றுக்கு இரண்டு, மற்றதற்கு அரை. உண்ணிக்காகப் பிடரியில் விடும் மருந்தில் பெரிய நாயின் குப்பியைக் கண்மதிப்பில் பிரித்துச் சிறியதற்கு விடாதீர்கள். அதன் எடைக்கான குப்பியையே வாங்குங்கள். உண்ணி மருந்தை இரண்டுக்கும் ஒரே நாளில் போட வேண்டும். உண்ணிக் காய்ச்சல் ஒன்றிடமிருந்து மற்றதற்கு வர அந்த உண்ணியே போதும்.

நீங்கள் கேட்காத, ஆனால் உடனே கவனிக்க வேண்டிய விஷயம் கருத்தடை. பொமரேனியன் ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். மூன்று வாரம் நீடிக்கும். இந்த ஆண் நாயால் அது சினையானால், குட்டிகள் தாயின் இடுப்பெலும்பு வழியே வர முடியாத அளவில் வளர்ந்து, அறுவை செய்தே எடுக்க வேண்டிய நிலை ஏற்படலாம். மகள் சென்னையில் இருக்கும்போதே அறுவையை முடித்துக் காயம் ஆறிய பின் அழைத்து வருவது நல்லது. இப்போது அது பருவத்தில் இருந்தால், அடங்கி இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் செய்ய வேண்டியிருக்கும். அதுவரை பூட்டிய கதவைத் தவிர வேறு எதையும் நம்ப வேண்டாம். ஆண் நாய்க்கும் செய்துவிடலாம். அதனால் வேட்டை உணர்வு குறைந்துவிடும் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள்.

கடி விழுந்துவிட்டால், பெரியதன் வாயிலிருந்து சிறியதைப் பிடித்து இழுக்கக் கூடாது, தசை கிழியும். ஒரு வாளித் தண்ணீரை முகத்தில் வீசுங்கள், அல்லது போர்வையைத் தலைமேல் போடுங்கள். பிடி விட்டதும் நடுவில் ஒரு பலகையைச் செருகுங்கள். கையைக் கொடுக்காதீர்கள். கைக்குக் கடி பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். வீட்டு நாய்தானே, ஊசி போட்டிருக்கிறதே என்று தாமதிக்க வேண்டாம்.

சிறியதன் காயத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அடர்ந்த மயிரை விலக்கினால் உளுந்தளவில் இரண்டு துளைகளும் லேசான ரத்தக் கசிவும்தான் தெரியும். உள்ளே விலா ஒடிந்து நுரையீரல் குத்துப்பட்டிருக்கும், உதறியதில் தோலுக்கும் தசைக்கும் நடுவே பிரிந்திருக்கும். விரலால் அழுத்தும்போது தோலுக்கடியில் காற்று நொறுநொறுத்தால், ஈறு வெளுத்திருந்தால், மூச்சு வேகமாக இருந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. மஞ்சள் பற்றுப் போடுவது, நெஞ்சைச் சுற்றி இறுக்கிக் கட்டுவது, மனிதர்களின் வலி மாத்திரையைக் கொடுப்பது மூன்றும் கெடுதல். பலகையிலோ கூடையிலோ படுக்க வைத்து, எக்ஸ்ரே வசதியுள்ள இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். திருநெல்வேலியை அடுத்த இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. உங்கள் ஊரிலிருந்து அது கொஞ்சம் தொலைவு என்பதால், அருகில் உள்ள மருத்துவர் யார், இரவில் யாரை அழைக்கலாம் என்பதை இப்போதே விசாரித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சங்கிலியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நாள் முழுவதும் கட்டிக் கிடக்கும் சிப்பிப்பாறை, ஓட வேண்டிய உடம்பு ஓட முடியாத தவிப்பில், எதிரே அவிழ்ந்து திரியும் சிறியதைப் பார்த்துப் பார்த்து ஏங்கும். சங்கிலி எட்டும் வட்டத்துக்குள் பொமரேனியன் ஒருநாள் தானாகவே நடந்து போகும். கட்டுவதற்குப் பதிலாகக் காலையும் மாலையும் அதை நன்றாக ஓட விடுங்கள். சுற்றுவேலி உள்ள தோப்பு இருந்தால் இன்னும் நல்லது. ஓடிக் களைத்து வந்த பிறகு, இரண்டுக்கும் நடுவில் நீங்கள் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கும் அரை மணி நேரத்தை அவற்றின் சேர்ந்திருக்கும் நேரமாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுந்து உள்ளே போகும்போது வலைக்கதவையும் சாத்திவிட்டுப் போங்கள்.