வாசகர் கேள்வி: வட்டத்தில் விழும் தட்டை விளிம்புகள்

கேள்வி: வீட்டில் நானே அமைத்த சிறிய சிஎன்சி (கணினிக் கட்டளைப்படி வெட்டும்) இயந்திரத்தில் பலகையில் வட்டம் வெட்டினால், நான்கு இடங்களில் விளிம்பு சற்றுத் தட்டையாகிறது. மென்பொருளில் எதை மாற்ற வேண்டும்?

பதில்: மென்பொருளைத் தொடுவதற்கு முன், மேசையை நகர்த்தும் திருகுத்தண்டுகளைப் பாருங்கள். வட்டத்தின் மேல், கீழ், இடம், வலம் ஆகிய நான்கு புள்ளிகளில்தான் ஏதேனும் ஓர் அச்சு தன் திசையை மாற்றிக்கொள்கிறது. திருகுத்தண்டுக்கும் அதில் ஓடும் நட்டுக்கும் இடையே தளர்வு இருந்தால், திசை மாறும்போது மோட்டார் சுழன்றாலும் மேசை ஒரு கணம் நகராமல் நிற்கும், அங்கேதான் விளிம்பு தட்டையாகிறது.

இதை அளப்பது எளிது. டயல் கேஜை (நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் அளவியை) மேசையின் மீது பொருத்தி, ஒரே திசையில் சில மில்லிமீட்டர் நகர்த்திப் பூஜ்ஜியம் வைத்து, பிறகு எதிர்த்திசையில் 1 மில்லிமீட்டர் நகர்த்துங்கள். கேஜ் 0.85 காட்டினால் தளர்வு 0.15 மில்லிமீட்டர்.

முதலில் மோட்டாரைத் திருகுத்தண்டுடன் இணைக்கும் கப்ளிங்கின் திருகுகளையும், திருகுத்தண்டு முனையிலுள்ள பேரிங்கையும் இறுக்குங்கள். பெரும்பாலும் குறை அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் தளர்வை நீக்கும், ஸ்பிரிங் வைத்த இரட்டை நட்டைப் பொருத்துங்கள். தளர்வுக்கேற்பக் கூடுதல் நகர்வைச் சேர்க்கும் மென்பொருள் ஈடுசெய்தலை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் வெட்டும் விசையே மேசையை அந்த இடைவெளிக்குள் தள்ளிவிடும்.

மேசையை ஒரு மில்லிமீட்டர் நகர்த்த மோட்டார் எடுக்கும் படி எண்ணிக்கையை இதனுடன் குழப்பிக்கொள்ள வேண்டாம். மோட்டாரின் ஒரு சுற்றுக்கு 200 படிகள், ஒவ்வொரு படிக்கும் 16 நுண்படிகள், சுற்றுக்கு 8 மில்லிமீட்டர் நகர்த்தும் திருகு என்றால் மில்லிமீட்டருக்கு 400 நுண்படிகள்; அது தவறினால் வட்டத்தின் அளவு மாறுமே தவிர, இத்தகைய தட்டை விளிம்புகள் தோன்றா.